சம்பக்குளத்தில் தங்கிய இரவு

(பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு)



இன்றைய நற்செய்தியில் ஒரு படகு வருகிறது. மலைமேல் இந்தப் பெரக்கரை நாட்டில் பிறந்து வளர்ந்த நமக்குப் படகு அவ்வளவு பழக்கமில்லை. நம் ஐயாறு பாறைக்குப் பாறை தாவி, ஆகாய கங்கை அருவியாகத் தலைகுப்புற விழுந்து, புளியஞ்சோலைப் பக்கம் இறங்கிக் காவிரியைத் தேடிப் போகிற ஆறு. அதில் யாரும் தண்டு வலிக்க முடியாது. வாசலூர்பட்டிப் படகுத்துறையில் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கரையில் நின்றிருப்பீர்கள், அவ்வளவுதான். அதனால் சீடர்கள் இரவு முழுக்க எதிர்க்காற்றில் அல்லாடினார்கள் என்று வாசிக்கும்போது அவர்களின் தோள்வலி நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை. பாதை இல்லாத காலத்தில் காரவல்லியிலிருந்து தலைச்சுமையோடு மலை ஏறிய கதையைச் சொன்னால், இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு உடனே உறைக்கும்.

கேரளத்தில் தோட்ட வேலைக்குப் போய்விட்டு ஆடி 18-க்கு ஊர் திரும்பிய நம் தம்பி ஒருவர், போன வாரம் பங்குத் திண்ணையில் உட்கார்ந்து தன் கைப்பேசியில் ஒரு படகுப் போட்டியைக் காட்டினார். அங்கே அவரை "நீ யாரு?" என்று கேட்டார்களாம். "நானும் மலையாளிதான்" என்றாராம். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் பேசுகிற மொழியால் மலையாளிகள். நாம் வாழ்கிற மலையால் மலையாளிகள். அதை விளக்கிச் சொன்ன பிறகு, அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்களாம். அந்தச் சாப்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் காட்டிய படகுக்குச் சுண்டன் வள்ளம் என்று பெயர். பாம்புப் படகு என்று நாம் சொல்வது. நூறு அடிக்கு மேல் நீளம். பின்பக்கம் நாகம் படம் எடுத்ததுபோல் தண்ணீரைவிட்டு உயர்ந்து நிற்கும். ஆஞ்ஞிலி மரத்தில் செய்கிறார்கள். நாம் அயனிப்பலா என்று சொல்லும் மரம் அது. நம் தோட்டத்துப் பலாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. அதில் நூறு பேருக்கு மேல் இரண்டிரண்டாக உட்கார்ந்து துடுப்புப் போடுகிறார்கள். நடுவே நின்றபடி சிலர் வஞ்சிப்பாட்டுப் பாடுகிறார்கள். இன்னும் சிலர் உலக்கை மாதிரியான கட்டையால் பலகையில் இடித்து எல்லோருக்கும் தாளம் தருகிறார்கள். பின்னால் உயரத்தில் நான்கைந்து பேர் நீண்ட துடுப்போடு நின்று திசை பார்க்கிறார்கள். படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள். நம் கடற்கரை மீனவர்களின் வாயிலும் இதே இரண்டு சொற்கள்தான்.

ஓரிடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லி உற்றுப் பார்த்தேன். ஒருவர் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார். துணியில் ரத்தம் ஊறியிருந்தது. துடுப்பு மட்டும் பக்கத்து ஆளின் துடுப்போடு ஒரே கோட்டில் இருந்தது. அவர் ஒருவர் அரை நொடி பிந்தினால் பின்னால் இருப்பவரின் துடுப்பு இவர் துடுப்பில் மோதும், அதற்குப் பின்னால் இருப்பவருக்கும் தாளம் கெடும். விரல் வலிக்கிறது என்று நிறுத்த அந்த இடத்தில் வழியில்லை. மாற்கு நற்செய்தியாளர் இதே நிகழ்ச்சியை எழுதும்போது, சீடர்கள் தண்டு வலித்து வருந்துவதைக் கரையில் இருந்த இயேசு பார்த்தார் என்று ஒரு செய்தி சேர்க்கிறார். இத்தனை நாளும் அதை வாசித்துக் கடந்து போயிருக்கிறேன். அந்தத் துணி சுற்றிய விரலைப் பார்த்த பிறகு, ஆண்டவர் அந்த இரவில் எதையெல்லாம் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

தம்பி காட்டியது சம்பக்குளம் மூலம் வள்ளம்களி. ஆலப்புழை மாவட்டம் குட்டநாட்டில், பம்பை ஆற்றில், மிதுன மாதம் மூல நட்சத்திரத்தன்று நடப்பது. நம் கணக்கில் ஆனி மூலம். கேரளத்துப் படகுப் போட்டிகளில் இதுவே மிகப் பழையது என்பார்கள். 1545இல் தொடங்கியதாக மரபு. அது தொடங்கிய கதையை உங்களுக்குச் சொல்லாமல் என்னால் இன்று மறையுரை வைக்க முடியாது.

செம்பகச்சேரி அரசர் அம்பலப்புழையில் கண்ணனுக்குக் கோயில் கட்டினார். பிரதிட்டை செய்யும் வேளையில், செய்து வைத்த சிலை சரியாக அமையவில்லை என்று தெரிந்தது. குறிச்சி என்ற ஊரின் கரிக்குளம் கோயிலில் ஒரு சிலை இருப்பதாகக் கேள்விப்பட்டு, அரசரின் ஆட்கள் போய் அதைப் படகில் எடுத்து வந்தார்கள். பாதி வழியில் பொழுது சாய்ந்துவிட்டது. இரவில் ஆற்றுவழி போவது ஆபத்து. கையில் இருப்பதோ ஓர் ஊரே காத்திருக்கும் தெய்வத் திருமேனி. அவர்கள் சம்பக்குளத்தில் படகை ஒதுக்கி, ஒரு வீட்டின் கதவைத் தட்டினார்கள். மாப்பிளசேரி என்று வீட்டின் பெயர். வீட்டுக்காரர் இட்டித்தொம்மன். தொம்மன் என்றால் நம் தோமா. அவர் கிறிஸ்தவர்.

அந்த வீட்டார் கதவைத் திறந்தார்கள். சிலை அன்றிரவு ஒரு கிறிஸ்தவர் வீட்டில் பத்திரமாகத் தங்கியது. மறுநாள் அரசர் வந்தார். சுற்றுவட்டார மக்கள் வள்ளங்களில் திரண்டு வந்தார்கள். பாட்டும் முழக்கமுமாகச் சிலையை அம்பலப்புழைக்கு அழைத்துப் போனார்கள். அந்த நாளை மறக்கக் கூடாது என்று அரசர் ஆண்டுதோறும் சம்பக்குளத்தில் வள்ளம்களி நடத்தச் சொன்னார் என்கிறது மரபு. இன்றைக்கும் மூலத்தன்று அம்பலப்புழைக் கோயிலிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மாப்பிளசேரி வீட்டுக்கும் போகிறார்கள், ஆற்றங்கரையில் இருக்கும் கல்லூர்க்காடு புனித மரியா ஆலயத்துக்கும் போகிறார்கள். கி.பி. 427இல் எழுந்தது என்று ஊரார் நம்பும் தொன்மையான ஆலயம் அது. இரண்டு இடத்துக்கும் போன பிறகுதான் துடுப்பு தண்ணீரில் விழுகிறது.

இவ்வளவு பெரிய போட்டி, இத்தனை வெறியோடு ஊருக்கு ஊர் மல்லுக்கட்டுகிற போட்டி, யாரோ யாரையோ வென்றதற்காகத் தொடங்கவில்லை. ஒரு வீட்டில் கதவைத் திறந்தார்கள் என்பதற்காகத் தொடங்கியது. அந்த இரவில் இட்டித்தொம்மன் வேறு மாதிரி யோசித்திருக்கலாம். ராத்திரி நேரம், கூட்டமாக ஆட்கள், அரசாங்கக் காரியம், வேறு மதத்துச் சாமி, நமக்கெதற்கு வம்பு என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது நற்செய்தியைத் திரும்பப் பாருங்கள். நான்காம் காவல் வேளை, விடியலுக்கு முந்தைய இருட்டு. கடல்மேல் ஓர் உருவம் நடந்து வருகிறது. மூன்று ஆண்டு கூடவே திரிந்து, ஒரே தட்டில் சாப்பிடப் போகிற சீடர்கள், அவரைப் பார்த்து என்ன சொன்னார்கள்? பேய் என்று அலறினார்கள். அதுவரை அடித்த காற்றைக் கண்டு அவர்கள் அப்படி அலறியதாக மத்தேயு எழுதவில்லை. இருட்டில் நம்மைத் தேடி வருபவரைப் பார்த்ததும் மனிதருக்கு முதலில் வாயில் வரும் சொல் அதுதான். பிறகு குரலைக் கேட்டார்கள். பேதுரு இறங்கினார், நடந்தார், அமிழ்ந்தார், ஆண்டவர் கையை நீட்டிப் பிடித்தார். இதையெல்லாம் நாம் பல முறை தியானித்திருக்கிறோம். இன்று உங்களுக்கு நான் காட்ட விரும்புவது அதற்கு அடுத்த வரி. அவர்கள் இருவரும் படகில் ஏறியதும் காற்று அடங்கியது என்று எழுதியிருக்கிறது. கையைப் பிடித்தபோதே அடங்கியிருக்கலாம், அடங்கவில்லை. யாரைப் பேய் என்று அலறினார்களோ அவருக்குப் படகில் இடம் கிடைத்த பிறகே அடங்கியது.

பம்பை ஆற்றிலேயே இன்னொரு போட்டியும் உண்டு. ஆறன்முளையில் ஆவணி மாதம், ஓணம் கழிந்து நான்காம் நாள், உத்திரட்டாதியன்று நடக்கும். அதற்கும் வேர் விருந்தோம்பல்தான். காட்டூரில் மங்ஙாட்டு பட்டதிரி என்பவர், வருகிற விருந்தாளியின் காலைக் கழுவிச் சோறு போடுவதை நோன்பாக வைத்திருந்தார். ஒரு நாள் யாருமே வரவில்லை. அவர் உண்ணாமல் வேண்டிக்கொண்டு காத்திருந்தார். அப்போது ஓர் இளைஞன் வந்து சாப்பிட்டுவிட்டு, இனி இந்த விருந்தை ஆறன்முளைக்குக் கொண்டு வா என்று சொல்லிப் போனான். வந்தது ஆறன்முளைப் பார்த்தசாரதியே என்று அவர்கள் நம்புகிறார்கள். அன்று முதல் ஓணத்துக்கு முந்தின இரவு அரிசியும் காய்கறியும் ஏற்றிய தோணி காட்டூரிலிருந்து புறப்படும். ஒரு முறை வழியில் சிலர் அந்தத் தோணியைத் தாக்க வந்தார்கள். பிறகு கரையோர ஊர்களெல்லாம் தங்கள் படகுகளோடு காவலுக்குத் துணை போயின. அந்தக் காவல் படகுகளே இன்றைய பள்ளியோடங்கள். ஐம்பது படகு வரை சேர்ந்து வருகின்றன.

விருந்தாளியின் காலைக் கழுவுவது என்றதும் உங்களுக்குப் பெரிய வியாழன் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது.

ஆறன்முளையில் வள்ளசத்யை என்று ஒரு விருந்து வைக்கிறார்கள். துடுப்புக்காரர்கள் பாடிக்கொண்டே படகில் வந்து இறங்குவார்கள். இலை போட்டு அறுபதுக்கும் மேற்பட்ட பதார்த்தங்கள் பரிமாறுவார்கள். சாப்பிடுகிறவர்கள் வேண்டியதைப் பாட்டாகவே கேட்பார்கள். கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. அந்தத் துடுப்புக்காரர்களோடு தங்கள் இறைவனும் வந்து பந்தியில் உட்காருகிறார் என்பது விருந்து வைப்பவரின் நம்பிக்கை. கேட்கிற வாயைப் பார்த்து, இது கடவுளின் வாயாக இருந்தால் என்ன செய்வேன் என்று பயந்து பரிமாறுகிற அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். நம் வீட்டில் மிஞ்சினதைப் போடுகிறோம். சில நாள் அதையும் மூடி வைக்கிறோம்.

நேரு கோப்பைப் போட்டியை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 1952 டிசம்பரில் பிரதமர் நேரு ஆலப்புழைக்கு நீர்வழியாக வந்தபோது அவருக்காக ஒரு போட்டி நடத்தினார்கள். வென்ற நடுபாகம் சுண்டனில் அவர் காவலைப் பொருட்படுத்தாமல் தாவி ஏறிவிட்டார். டெல்லி போனதும் வெள்ளியில் செய்த ஒரு வள்ளத்தைப் பரிசாக அனுப்பினார். புன்னமடைக் காயலில் ஆகஸ்டு மாதம் இரண்டாம் சனிக்கிழமை என்பதே நெடுங்காலம் அதற்கு வழக்கமான நாளாக இருந்தது. சீடர்களின் படகைப் பற்றிய இந்த நற்செய்தி மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஞாயிறு திருப்பலியில் வருவதும் ஏறக்குறைய அதே வாரத்தில்தான்.

அந்தப் போட்டி தள்ளிப்போன கதைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. குட்டநாடு மூழ்கியது. போட்டி நவம்பர் 10-க்குப் போயிற்று. வெள்ளம் வந்த அந்த நாள்களில் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, யாரும் கூப்பிடுமுன்பே உள்நாட்டு ஊர்களுக்கு வந்தார்கள். கடலுக்குப் போகிற படகைத் தெருவில் ஓட்டினார்கள். சுவரிலும் மின்கம்பத்திலும் இடித்துப் படகுகள் உடைந்தன. ஒருவர் தண்ணீரில் மண்டியிட்டுக் கையூன்றிக் குனிந்துகொண்டார். பெண்கள் அவர் முதுகில் காலை வைத்துப் படகில் ஏறினார்கள். அந்தப் படத்தை நாடே பார்த்தது. மிதித்து ஏறிய பெண்களிடம் அவர் சாதியையும் மதத்தையும் கேட்கவில்லை.

இரண்டாவது கதை, 2024. ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டில் மலை சரிந்தது. முண்டக்கை, சூரல்மலை என்ற ஊர்கள் சேற்றோடு போயின. ஆகஸ்டு 10-ஆம் தேதி நடக்க வேண்டிய போட்டியை நிறுத்திவைத்தார்கள். மலையில் அழுகை கேட்கும்போது ஆற்றில் ஆர்ப்பரிக்கக் கூடாது என்று தாழ்நிலத்தார் துடுப்பைக் கீழே வைத்தார்கள். மழைக்காலத்தில் இரவு மண் சரியும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுக்கிற மலைக்காரர்கள் நாம். அவர்கள் அப்படி வைத்தது எனக்குப் பெரிய ஆறுதல். செப்டம்பர் 28-இல் போட்டி நடந்தபோது காரிச்சால் சுண்டன், வீயபுரம் சுண்டனை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசத்தில் வென்றது. கண்ணிமைக்கும் நேரம்கூட அதைவிட நீளம்.

வெளிநாட்டிலும் இப்படி ஒரு பழைய ஆற்றுப் போட்டி உண்டு. இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றில், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு நடுவே 1829இல் தொடங்கியது. பள்ளித் தோழர்கள் இருவர் போட்ட சவால் அது. ஒருவர் சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த், பின்னாளில் ஆயரானார். மற்றவர் சார்லஸ் மெரிவேல், ஒரு பேராலயத்தின் தலைமைக் குருவானார். 1912இல் இரண்டு படகும் மூழ்கின, மறுபடியும் வலித்தார்கள்.

தேம்ஸ் ஓடும் அந்த லண்டனில் வசதியாக வளர்ந்த ஒரு பெண் நம் மலைக்கு வந்ததை உங்கள் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். எவ்லின் அம்மையார். அவர் கணவர் ஜெஸ்ஸி பிராண்ட் 1913இல் வாழவந்தியில் குடியேறியவர். அவர்கள் பாப்டிஸ்ட் சபையினர், நம் திருச்சபையார் அல்லர். ஆனாலும் இந்தப் பீடத்தில் நின்று நன்றியோடு நினைக்க வேண்டியவர்கள். ஆரம்பத்தில் மலையில் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. நம் முன்னோர் கண்ணுக்கு அந்த வெள்ளை முகம் பேயாகவே தெரிந்திருக்கும். அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர் காய்ச்சலில் சாகக் கிடந்தார். மருந்தும் கஞ்சியும் கொண்டுபோனது அந்த இருவர்தான். கடைசியில் அவர் தன் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஜெஸ்ஸி 1929இல் இந்த மலைக்காய்ச்சலிலேயே இறந்தார். அம்மையார் பணியை விட்டுவிடவில்லை. முதிர்ந்த வயதிலும் மட்டக்குதிரை ஏறி மலை மலையாகப் போய், 1974இல் 95 வயதில் கண் மூடினார். இந்த மலையில் ஓடித் திரிந்து வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், பிறகு வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய மருத்துவர்.

கதவு திறப்பதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் திறந்தார்கள், அதனால் பேசுகிறேன்.

நான் இந்தப் பங்குக்கு வந்த முதல் ஆண்டு, ஐப்பசி மழை. நோயில்பூசுதல் கொடுத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும்போது வண்டி சேற்றில் சறுக்கி, முழங்கால் சிராய்த்துவிட்டது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. தூரத்தில் ஒரே ஒரு வெளிச்சம். மரவள்ளிக் காட்டுக்குள் வண்டியைச் சாய்த்துவிட்டு நொண்டி நொண்டிப் போனேன். அங்கிமேல் சேறு, தலையில் பிளாஸ்டிக் உறை. யார் பார்த்தாலும் பேய் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஒரு பாட்டி கதவைத் திறந்தார். திறந்ததும், "அய்யோ, நனஞ்சிட்டீங்களே, உள்ள வாங்க சாமி" என்றார். நான் யார் என்று கேட்டது அதற்கு வெகுநேரம் கழித்து. அடுப்புப் பக்கத்தில் மணை போட்டார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வட்டிலில் வைத்தார். சோறு எனக்குப் போதாது என்று நினைத்து, தனக்கு எடுத்து வைத்திருந்ததையும் கவிழ்த்ததை அடுப்பு வெளிச்சத்தில் பார்த்தேன். தடுத்தேன், கேட்கவில்லை. பிறகு வெந்நீரில் துணியை நனைத்து என் முழங்காலைத் துடைத்தார். அவர் தலைக்கு மேலே மாடத்தில் பெருமாள் படமும் ஒரு சின்ன விளக்கும். அந்த வெளிச்சத்தைத்தான் நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அங்கே தொம்மன் வீட்டில் கண்ணன் தங்கினார். இங்கே பெருமாளின் வீட்டில் ஒரு குருவானவன் தங்கினான்.

ஆனால் சாத்திய கதவும் நம்மிடம் உண்டு. இந்த ஊரில் ஒரு குடும்பத்தோடு மூன்று வருடமாக நாம் பேசுவதில்லை. தண்ணீர்க் குழாய் பதித்ததில் வந்த சண்டை. பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். போன ஆடி 18-க்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் நம் தெரு வழியாகப் போனபோது இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். அந்தச் சத்தம் ஆலயத்துக்குள் எனக்குக் கேட்டது. பெரிய பையனுக்குப் பத்து வயது இருக்கும். ஒன்றும் தெரியாததுபோல் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தான்.

எனக்குக் கதவைத் திறந்த அந்தப் பாட்டிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. தனியாக இருக்கிறார். திருப்பலி முடிந்ததும் அரிசியும் ஒரு புட்டி விளக்கெண்ணெயும் எடுத்துக்கொண்டு போகிறேன். போகிற வழியில் அந்தக் குடும்பத்தின் வீடு. முதலில் அங்கே ஏறிவிட்டு, அந்தப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். என்னோடு வர விரும்புகிறவர்கள் வேப்பமரத்தடியில் நில்லுங்கள். பாட்டி வீட்டில் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள், உள்ளே சாணி மெழுகிய தரை. அவர் சோறு வைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.